தோற்பதற்கு ஒரு பட்டிமன்றம்

கோபாலசாமி தம் வாழ்நாளில் பல போட்டிகளில் தோற்றிருக்கிறார். ஆனால் தோற்பதற்காக மெனக்கெட்டது 1977 பொங்கலுக்குத்தான்.

இடம் பஹ்ரைன் தீவு, ஈசா டவுன். கம்பெனி கொடுத்த வீடு, கம்பெனி கொடுத்த ஏ.சி., கம்பெனி கொடுத்த சோபா. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள மனைவி சந்திரகலாவும், குளியலறை ஜன்னலோரம் தொட்டியில் வளர்ந்த ஒரு கறிவேப்பிலைச் செடியும் இருந்தார்கள். இருவரையும் கோயம்புத்தூரிலிருந்து அவரேதான் கொண்டுவந்திருந்தார். செடியை மட்டும் கஸ்டம்ஸில் விசாரித்தார்கள்.

ஒப்பந்தம் முடிகிற நேரம். "இன்னும் ரெண்டு வருஷம் இருக்கீங்களா, ஊருக்குப் போறீங்களா? பொங்கலுக்கு மறுநாள், சனிக்கிழமை காலையில வந்து கையெழுத்துப் போடணும்" என்று கம்பெனியின் பர்சனல் ஆபீசர் கலீல் ரஹ்மான் சொல்லிவிட்டார்.

கோபாலசாமிக்கு இருக்க ஆசை. கோயம்புத்தூர் மின்சார ஆபீசில் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அதற்குப் பழைய பைல் ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தார்கள். இங்கே கொடுத்த நாற்காலி சுற்றும். இடதுபுறம் சுற்றினால் ஏ.சி. காற்று முகத்தில் அடிக்கும், வலதுபுறம் சுற்றினால் பிடரியில் அடிக்கும். இதைவிட்டு ஒருவன் எதற்குப் போக வேண்டும் என்பது அவர் கேள்வி.

சந்திரகலாவுக்குப் போக ஆசை. கோவை ராமநாதபுரத்தில் வீடு கட்டிப் பூட்டி வைத்திருந்தார்கள். அந்த வீட்டுச் சாவி அவள் இடுப்புக் கொத்தில் தொங்கியது. அந்த வீட்டில் அவள் ஒரு நாள் கூடப் படுத்துத் தூங்கியதில்லை. சாவி மட்டும் பஹ்ரைனில் அவளோடு தூங்கியது.

இரண்டு மாதமாகக் காப்பியோடு இந்தப் பேச்சு, சோற்றோடு இந்தப் பேச்சு, காரில் ஏறினாலும் இந்தப் பேச்சு. அந்தச் சமயத்தில்தான் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் பட்டிமன்றம் என்று அறிவிப்பு வந்தது. தலைப்பு: 'தீவு வாழ்க்கை வரமா, சிறையா?' நடுவர், சங்கச் செயலாளர் பொன்னுச்சாமி அண்ணாச்சி.

"ஏனுங்க, நாம ரெண்டு பேரும் இதுல பேசுவோம்" என்றாள் சந்திரகலா. "நீங்க வரம்னு பேசுங்க, நான் சிறைன்னு பேசறேன். அண்ணாச்சி என்ன தீர்ப்புச் சொல்றாரோ அதுக்குக் கட்டுப்பட்டரலாம். வரம்னா இருப்போம். சிறைன்னா கிளம்பிப் போயரலாம்."

"நெசமாவா சொல்ற?"

"மருதமலை முருகன் மேல ஆணை."

கோபாலசாமி காலண்டரில் இருந்த மருதமலை முருகனைப் பார்த்துக் கையை நீட்டிச் சத்தியம் செய்தார். கல்லூரியில் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவர் அவர். சந்திரகலா வாங்கியதெல்லாம் கணக்கில் நூறு மட்டும்தான். அவருக்கு உள்ளூரச் சிரிப்பு.

அவர்களுக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. போன பொங்கலுக்கு இருவரும் லீவில் ஊருக்குப் போயிருந்தார்கள். அந்த விழாவில் 'குடும்பத்தில் விட்டுக்கொடுப்பது கணவனா, மனைவியா' என்று பட்டிமன்றம் நடந்தது. பேசியவர்கள் தங்கள் உண்மையான அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டார்கள். விளைவாக மூன்று குடும்பங்கள் இன்றுவரை ஒருவர் வீட்டில் ஒருவர் இட்லி மாவு வாங்குவதில்லை. அதனால் பொன்னுச்சாமி புது விதி போட்டிருந்தார்: யார் எந்தக் கட்சி என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வது, யாரும் மனதில் பட்டதைப் பேசக் கூடாது.

குலுக்கல் அண்ணாச்சி வீட்டுக் கூடத்தில், பிரஷர் குக்கரில் நடந்தது. கோபாலசாமி கையை விட்டு எடுத்தார். சிறை. சந்திரகலா எடுத்தாள். வரம்.

"அண்ணாச்சி, மாத்திக்கறமுங்க" என்றார் கோபாலசாமி.

"மாத்தப்படாதுவே. விதின்னா விதி" என்று அண்ணாச்சி குக்கரை மூடி, வெயிட்டையும் போட்டுவிட்டார்.

காரில் திரும்பும்போது கோபாலசாமி கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். தீவில் தங்க வேண்டுமானால் 'வரம்' என்று தீர்ப்பு வர வேண்டும். வரம் என்று தீர்ப்பு வர வேண்டுமானால் 'சிறை' என்று பேசுகிற ஆள் தோற்க வேண்டும். அந்த ஆள் அவர்தான். ஆகவே, கோப்பை வாங்கிய வாயை வைத்துக்கொண்டு அவர் படு மோசமாகப் பேசியாக வேண்டும். சந்திரகலாவும் கணக்கில் நூறு வாங்கியவள் என்பது அந்தக் கணத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

மோசமாகப் பேசினால் மட்டும் போதுமா என்ற சந்தேகத்தில், வியாழக்கிழமை அரைநாள் டூட்டி முடிந்ததும் நேரே அண்ணாச்சி வீட்டுக்குப் போனார். கையில், பழைய பேப்பரில் சுற்றிய முருங்கைக்காய்க் கட்டு. பம்பாய் விமானத்தில் வந்தது. அன்றைய பஹ்ரைனில் முருங்கைக்காயைக் காட்டி ஒரு தமிழனிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம்.

"அண்ணாச்சி, நாளைக்கு என்னைத் தோக்கடிச்சிருங்க."

பொன்னுச்சாமி துறைமுகத்தில் ஸ்டோர் சூப்பர்வைசர். பாளையங்கோட்டைக்காரர். எதையும் இரண்டு முறை எண்ணிப் பார்த்துத்தான் வாங்குவார், பேச்சையும் அப்படித்தான்.

"என்னவே சொல்லுதீரு?"

"சிறைங்கற கட்சி தோக்கோணும். வரம்னுதான் நீங்க தீர்ப்புச் சொல்லோணும்."

"உம்ம கட்சி தோக்கணும்னு நீரே கேக்கீரு."

"ஆமாங்க."

"அப்பம் உம்ம வீட்டம்மா ஜெயிக்கணும்."

கோபாலசாமி அந்தக் கோணத்தில் யோசித்திருக்கவில்லை. "அப்படியும் வெச்சுக்கலாமுங்க" என்றார்.

அண்ணாச்சி அவரை வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கியது போலிருந்தது. உள்ளே திரும்பி, "பத்மா" என்று மனைவியைக் கூப்பிட்டார். பத்மா வந்தாள். உள்ளிருந்து அவள் எல்லாம் கேட்டிருந்தாள். அண்ணாச்சி முருங்கைக்காயை அவள் கையில் கொடுத்தார். அவளும் கோபாலசாமியை ஒரு மாதிரி உருக்கமாகப் பார்த்துவிட்டுப் போனாள். முருங்கைக்காய்க்கு இவ்வளவு மரியாதையா என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து குளியலறைக்குப் போனால் கறிவேப்பிலைத் தொட்டியைக் காணோம்.

"செடி எங்க, அம்மிணி?"

"வாடிப்போச்சுங்க. அக்கட்டால எடுத்து வெச்சுட்டேன்" என்றாள் சந்திரகலா, அவர் முகத்தைப் பார்க்காமல். நேற்று அது தளதளவென்று தழைத்திருந்ததை அவர் பார்த்திருந்தார். ஆனால் தாமே முருங்கைக்காயை மறைக்கிற மனிதர் கறிவேப்பிலையைப் பற்றித் துருவிக் கேட்பது சரியில்லை என்று விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்தியப் பள்ளிக்கூடத்து அரங்கம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் பட்டுப் புடவைகள். பின்வரிசைகளில் தொழிலாளர் கேம்ப்புகளிலிருந்து பஸ்ஸில் வந்த ஆட்கள். பஹ்ரைனில் ஒரு நல்ல சொற்பொழிவைவிட நல்ல சர்க்கரைப் பொங்கல் அரிது என்பதால் அவர்கள் மத்தியானமே வந்து இடம் பிடித்திருந்தார்கள். நேரம் கருதிக் கட்சிக்கு ஒருவர் என்று அண்ணாச்சி அறிவித்தார். முதலில் வரம்.

சந்திரகலா மைக் முன்னால் வந்து நின்றாள். மைக் மட்டும் லேசாக உறுமியது.

"தீவுல இருக்கறதுல என்ன நல்லதுன்னு ரொம்ப யோசிச்சேனுங்க" என்றாள் கடைசியில். "ஒண்ணுதான் தோணுச்சு. கேஸ் சிலிண்டர் சொன்ன அன்னைக்கே வருது."

இதைவிட மட்டமான வாதம் ஒருத்தி சொல்ல முடியாது என்று கோபாலசாமிக்குத் தோன்றியது. அடுத்த கணம் அரங்கம் கைதட்டலில் அதிர்ந்தது. முன்வரிசைப் பெண்கள் பாதிப் பேர் ஊரில் கேஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, இங்கே வந்து சேர்ந்தவர்கள். ஒரு அம்மாள் எழுந்து நின்றே தட்டினாள்.

சந்திரகலா திகைத்துப்போனாள். இதற்குக் கீழே இறங்கினால்தான் ஆகும் என்று அடுத்ததைச் சொன்னாள். "அப்புறம் இங்க கரண்டு போறதில்லைங்க."

மறுபடியும் கைதட்டல். பின்வரிசையில் இருந்து ஒரு குரல்: "ஏ.சி. எங்க கேம்ப்புலயும் இருக்குங்கம்மா. சத்தம் மட்டும் வரும்." கார்மேகம் என்ற வெல்டர். அரங்கம் சிரித்தது.

"சத்தமாச்சும் வருதில்லீங்க. எங்க ஊர்ல பேன் சத்தம்கூட வராது" என்றாள் சந்திரகலா. சிரிப்பு இன்னும் பெரிதாக எழுந்தது. கார்மேகமே எழுந்து கும்பிட்டார்.

கோபாலசாமி கவனித்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணில் ஒரு பளபளப்பு ஏறியது. இது தோற்க வந்தவளின் கண் அல்ல.

"தீவுன்னா என்னங்க? நாலு பக்கமும் கடல். பஸ் வராது, ரயில் வராது. 'கோயிலுக்கு வந்தோம், அப்படியே உங்களையும் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்'னு ஒரு ஆள் வந்து ஒரு மாசம் தங்க முடியாது. என்ற மாமியார் இங்க வரணும்னா கவர்மெண்டு என்.ஓ.சி. குடுக்கணும். மாமியாருக்கு என்.ஓ.சி. கேக்கற நாடு உலகத்துல வேற எங்கீங்க இருக்கு? இதை வரம்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது?"

பட்டுப் புடவைகள் பகுதியில் கைதட்டல் அடங்க மறுத்தது. சில மாமியார்கள், என்.ஓ.சி. கிடைத்து வந்தவர்கள், தாங்களும் ஒரு காலத்தில் மருமகள்கள்தான் என்ற ஞாபகத்தில் தட்டினார்கள். சந்திரகலா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பேசினாள். மணி அடித்த பிறகும் பேசினாள். இறங்கி வந்து உட்கார்ந்தபோது முகம் சிவந்து, சதுரங்கத்தில் ராஜாவை மடக்கியவள் போல அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

கோபாலசாமி உண்மையில் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவர் கேட்டது இதுதானே. இனி அவர் மேடைக்குப் போய் இரண்டு வாக்கியம் முணுமுணுத்துவிட்டு இறங்கினால் போதும்; சுற்றும் நாற்காலி இன்னும் இரண்டு வருஷத்துக்குச் சுற்றும்.

போனார். மைக்கைப் பிடித்தார்.

"இங்கே தண்ணீர் கொஞ்சம் உப்பு" என்றார். நிறுத்தினார்.

ஒரு சத்தமும் இல்லை. பின்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். மைக்கே அதைப் பிடித்துவிட்டது. திட்டம் பிரமாதமாக வேலை செய்தது. நன்றி, வணக்கம் என்று சொல்ல வாயைத் திறந்தபோது, முன்வரிசையில், சற்று முன் எழுந்து நின்று தட்டிய சீதாலட்சுமி என்கிற அம்மாள் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னது காதில் விழுந்தது.

"பாவம். வீட்டுலயும் அந்தம்மாதான் பேசுவாங்க போல."

கோபாலசாமி திறந்த வாயை மூடவில்லை.

"கொஞ்சம் உப்பு என்று சொன்னேன். எவ்வளவு உப்பு தெரியுமா? நான் சிறுவாணித் தண்ணி குடிச்சு வளர்ந்தவனுங்க" என்று ஆரம்பித்தார். "அந்தத் தண்ணியை ஒரு டம்ளர் குடிச்சா, என்ன குடிச்சோம்னு மறந்து இன்னொரு டம்ளர் குடிப்போம். இங்க குழாய்த் தண்ணியில காப்பி போட்டா, ரசத்துக்குக் காப்பித்தூள் போட்டாப்பல இருக்குது."

சிரிப்பு கிளம்பியது. கோபாலசாமிக்கு அது உள்ளங்காலில் இருந்து ஏறியது. கல்லூரி மேடை ஞாபகம் வந்தது. முருகன் ஞாபகம் வரவில்லை.

"வெள்ளிக்கிழமை ஆனா நாமெல்லாம் எங்க போறோம்? பாலைவனத்துல ஒரு மரம் இருக்குது. அதைப் பாக்கப் போறோம். டிபன் கேரியர், ஜமக்காளம், கேமரா எல்லாம் எடுத்துக்கிட்டு, கார் போட்டுக்கிட்டு, ஒரு மரத்தைப் பாக்கப் போறோமுங்க. என்ற வீட்டு ஆல்பத்துல அந்த மரம் இருக்கற போட்டோதான் அதிகம். என்ற மாமனார் கடுதாசியில கேக்கறாரு, மாப்பிள்ளை, மரம் சௌக்கியமான்னு."

கேம்ப் ஆட்கள் பெஞ்சைத் தட்டினார்கள். அவர்களுக்கு அந்த மரத்தைப் பார்க்கக்கூடக் கார் இல்லை. அதனாலேயே பலமாகத் தட்டினார்கள்.

"ஆகஸ்டு மாசம் ஏ.சி. ரூமை விட்டு வெளிய வந்தா, ஆவி படிஞ்சு கண்ணாடி போட்ட ஆளு ஒருத்தனுக்கும் கண்ணு தெரியாது. தீவுல பாதிப் பேர் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு நிப்பான், மீதிப் பேர் அவன் மேல மோதிக்கிட்டு நிப்பான். அதை விடுங்க. ஒரு மனுசன் பொண்டாட்டிகிட்டக் கோவிச்சுக்கிட்டு வெளிய போறான்னு வெச்சுக்குங்க. கோயம்புத்தூரா இருந்தா மேட்டுப்பாளையம் போலாம். கோவம் பெருசா இருந்தா ஊட்டி வரைக்கும் போலாம். இங்க? காரை எடுத்துக் கதவைச் சாத்திக் கிளம்புனா, கோவம் ஆறறதுக்கு முன்னால கடல் வந்துருது. திரும்பி வீட்டுக்குத்தான் வரோணும். நாட்டை விட்டே போறேன்னு சொல்லலாம்னா பாஸ்போர்ட்டு கம்பெனியில இருக்குது. கோவிச்சுக்கிட்டுப் போறதுக்குக்கூட எடமில்லாத ஊரு சிறை இல்லீன்னா, வேற எதுதானுங்க சிறை?"

ஆண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். யாரோ விசில் அடித்தார். பர்சனல் ஆபீசர் கலீல் ரஹ்மான் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் அவர் மனைவி பத்ருன்னிசா சிரிக்கவில்லை. துடைத்துக்கொண்டு மட்டும் இருந்தார்.

கோபாலசாமி இறங்கி வந்து உட்கார்ந்தபோது சந்திரகலாவின் சிரிப்பு போயிருந்தது. "என்னங்க இப்படிப் பேசிப்போட்டீங்க" என்றாள் மெதுவாக.

"நீ மட்டும் என்னவாம்?"

இருவரும் மேடையைப் பார்த்தார்கள். பொன்னுச்சாமி அண்ணாச்சி தீர்ப்புச் சொல்ல எழுந்து வந்துகொண்டிருந்தார். ஒரு வார்த்தை. வரமா, சிறையா. ராமநாதபுரத்து வீடா, சுற்றும் நாற்காலியா. மருதமலை முருகன் சாட்சி.

"நான் நாலஞ்சு வருசமா நடுவரா இருக்கேன்" என்றார் அண்ணாச்சி. "இப்பிடி ஒரு புருசன் பொண்டாட்டியப் பாத்ததில்ல. நேத்து மத்தியானம் இந்தக் கோபாலசாமி என் வீட்டுக்கு வந்து, 'அண்ணாச்சி, என்னையத் தோக்கடிங்க, என் வீட்டம்மா ஜெயிக்கணும்'னு கேட்டாரு. கையில முருங்கைக்காய் வேற."

அரங்கத்தில் ஒரு பெரிய உருக்கச் சத்தம் எழுந்தது. கோபாலசாமி நாற்காலிக்குள் இறங்கினார்.

"இருங்க. அன்னைக்குக் காலையிலயே இந்தச் சந்திரகலாம்மா பத்மாகிட்ட வந்து, 'என்னையத் தோக்கடிக்கச் சொல்லுங்க, எங்க வீட்டுக்காரர் ஜெயிக்கணும்'னு சொல்லிருக்காவ. ஒரு கருவேப்பிலச் செடியத் தொட்டியோட குடுத்துட்டுப் போயிருக்காவ. இந்த ஊர்ல கருவேப்பிலச் செடியக் குடுக்கது கழுத்துச் சங்கிலியக் கழத்திக் குடுக்கது மாதிரி. ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தரு. இப்பிடி ஒரு அன்பு உண்டுமா?"

பட்டுப் புடவைகள் எல்லாம் கண்ணைத் துடைத்தன. சில மனைவிகள் தங்கள் கணவன்மாரைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கணவன்மார் மேற்கூரையைப் பார்த்தார்கள். கோபாலசாமியும் சந்திரகலாவும் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு பேர் இருந்த அந்த அரங்கத்தில் விஷயம் புரிந்தவர்கள் அந்த இருவர்தான்.

"வாடிப்போச்சா?" என்றார் கோபாலசாமி உதடு அசையாமல்.

"முருங்கைக்காய் எங்கீங்க கிடைச்சுது?" என்றாள் அவள். "எனக்கு ஒண்ணுகூடக் கொண்டாரலை."

"இந்த ரெண்டு பேர்ல நான் யாரைத் தோக்கடிக்கது?" அண்ணாச்சி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அது பாவம். அதனால வழக்கை அடுத்த பொங்கலுக்கு ஒத்திவைக்கேன். இதே தலைப்பு, இதே கட்சி, இதே ரெண்டு பேரும் பேசணும். இது நடுவர் உத்தரவு. கலாஸ், முடிஞ்சிட்டு. எல்லாரும் பொங்கல் வாங்கிக்கிடுங்க."

கேம்ப் ஆட்கள் முதலில் எழுந்தார்கள்.

டட்சன் காரில் வீடு திரும்பும்போது கடல் இருட்டிக்கொண்டு வந்தது. வழக்கம்போல இரண்டு பக்கமும் கடல்தான். கோபாலசாமி மேடையில் கைதட்டலுக்காகச் சொன்ன சிறுவாணித் தண்ணி இறங்காமல் தொண்டையிலேயே நின்றது.

"அம்மிணி, ஊருக்கே போயரலாமா?" என்றார்.

சந்திரகலா அவரைத் திரும்பிப் பார்த்தாள். மடியில் இலைப் பொட்டலத்தில் சர்க்கரைப் பொங்கல்.

"அதெப்படிங்க போறது? முருகன் மேல ஆணை வெச்சிருக்கோம். அண்ணாச்சி தீர்ப்புக்குக் கட்டுப்படோணும்."

"தீர்ப்பே சொல்லலையே."

"ஒத்திவெச்சதும் தீர்ப்புதானுங்க. அடுத்த பொங்கலுக்கு இதே ரெண்டு பேரும் பேசணும்னு உத்தரவு. ஊர்ல உக்காந்துக்கிட்டு இங்க எப்படிப் பேசறது?"

"நீதான போகணும் போகணும்னு என்ற உசுரை எடுத்த."

"அப்ப எனக்கு யாருங்க கை தட்டுனாங்க?" என்றாள். "சீதாலட்சுமியக்கா எந்திரிச்சு நின்னு தட்டுனாங்க, பாத்தீங்களா? கோயம்புத்தூர்ல நான் வாயத் தொறந்தா உங்கம்மா தட்டுவாங்களா?"

கோபாலசாமி உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். தட்ட மாட்டாள்.

"பொங்கல் ஒரு வருசத்துல வந்துரும். ஒப்பந்தம் ரெண்டு வருசமாச்சே" என்றார் கடைசி முயற்சியாக.

"இன்னொரு வருசம் அப்பீலுக்கு ஆகுமுங்க." இடுப்புக் கொத்தை எடுத்து, ராமநாதபுரத்துச் சாவியைக் கழற்றி டாஷ்போர்டின் மேல் வைத்தாள். "அந்த வீட்டைச் சும்மா பூட்டி வெக்கறதுக்கு வாடகைக்கு விட்டரலாமா?"

காரின் குலுக்கலுக்குச் சாவி ஆடிக்கொண்டே வந்தது. கோபாலசாமி அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். கோபம் வந்தது. ஆனால் கோபித்துக்கொண்டு வேறு பக்கம் திருப்பினால் எங்கே போய் முடியும் என்று அவரே சற்று முன்புதான் ஊருக்கெல்லாம் விளக்கியிருந்தார். வீட்டுக்கே ஓட்டினார்.

சனிக்கிழமை காலை அவர் போய் நின்றபோது கலீல் ரஹ்மான் கண்கள் சிவந்து உட்கார்ந்திருந்தார்.

"வாங்க இன்ஜினியர் சாப். நீங்க பேசுனதைக் கேட்டுட்டு எங்க வீட்டுல பத்ருன்னிசா ராத்திரி பூரா அழுகை. காயல்பட்டினத்துக்கு உடனே டிக்கெட் போடுன்னு உட்கார்ந்துட்டாங்க. நீங்க எப்பப் போறீங்க? சேர்த்தே போட்டுடலாம்."

"போகலீங்க. ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட வந்தேன்."

கலீல் ரஹ்மான் பேனாவைக் கீழே வைத்தார். "சிறைன்னு அந்தப் போடு போட்டீங்களே."

"அதுக்காகத்தானுங்க" என்றார் கோபாலசாமி. "கேஸ் நிலுவையில இருக்குது. அடுத்த பொங்கலுக்குள்ள அதை நிரூபிச்சாகோணும். வெளிய இருந்துக்கிட்டு நிரூபிக்க முடியாதுல்லீங்க."

கையெழுத்துப் போட்டார். எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"இன்னொரு விசயம். லீவுல போயிட்டு வரும்போது ஊர்லருந்து ஒரு கேன் தண்ணி கொண்டாரலாமுங்களா? ஏர்ப்போர்ட்டுல ஏதாச்சும் சொல்லுவாங்களா?"

"தண்ணியா? எதுக்கு?"

"சாட்சிக்கு" என்றார் கோபாலசாமி.